புது வீட்டில் பாத்டப் வைக்கலாமா? தண்ணீர், மின்சாரம், எடை, ஆபத்து

சென்னை, கோவை அடுக்குமாடிகளின் மாதிரி வீடுகளில் இப்போது பெரிய படுக்கையறையை ஒட்டிய குளியலறையில் வெள்ளை வெளேரென்று ஒரு பாத்டப் இருக்கிறது. அதே சமயம் இங்கிலாந்திலும் கனடாவிலும் வீட்டைப் புதுப்பிப்பவர்கள் பலர் இருக்கிற பாத்டப்பைப் பெயர்த்து எடுத்துவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குள் ஷவர் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே வேண்டாம் என்று கழிப்பதை இங்கே காசு கொடுத்து வாங்குகிறோமா? அல்லது இவ்வளவு நாள் நமக்குக் கிடைக்காத ஒரு வசதி இப்போதுதான் வந்து சேர்கிறதா? வீட்டுக்கு வரைபடம் போடும் கட்டத்தில் பல குடும்பங்கள் இந்தக் கேள்வியில் வந்து நிற்கின்றன.

தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்கு நிரந்தரமாகப் பதித்த பாத்டப் தேவையில்லை என்பது என் முடிவு. பாத்டப் ஆடம்பரம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது தீர்க்க வந்த சிக்கல் நம் வீடுகளில் இல்லவே இல்லை என்பதே முதல் காரணம். அதைப் புரிந்துகொண்டால் மற்றக் கணக்குகள் தாமாகத் தெளியும். விதிவிலக்கான வீடுகளும் உண்டு, அவற்றையும் பார்ப்போம்.

பாத்டப் எதற்காக வந்தது?

இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் வீட்டு மாடித் தளங்கள் பெரும்பாலும் மரம். மரச் சட்டங்களின் மேல் பலகை அடித்து, அதன் மேல் ஓடோ வினைலோ ஒட்டுவார்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் துளை பெரும்பாலும் கிடையாது. தரையில் தண்ணீர் தேங்கினால் பலகை ஊறி, கீழ்த்தளத்தின் கூரை கறை பிடித்து, நாளடைவில் மக்கிப் போகும். அதனால் குளிப்பவர் மேல் விழும் தண்ணீர் முழுவதையும் தரையில் சிந்தாமல் பிடித்து வடிகாலுக்கு அனுப்ப ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. பாத்டப் செய்யும் முதன்மையான வேலை இதுதான்.

குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்பு அங்கே சாதாரணக் குடும்பங்கள் தகரத் தொட்டியைக் கணப்படுப்பின் முன் வைத்து, அடுப்பில் காய்ச்சிய தண்ணீரை ஊற்றி, ஒருவர் பின் ஒருவராக அதே தண்ணீரில் குளித்தார்கள். குளிர் நாட்டில் தண்ணீரைச் சூடாக்குவது பெரிய செலவு. ஒருமுறை காய்ச்சியதை நால்வர் பகிர்ந்துகொள்வது அவர்களுக்குச் சிக்கனமாக இருந்தது. 1883இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜான் மைக்கேல் கோலர் என்பவர், பண்ணை விலங்குகளுக்கான வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசிக் குளியல் தொட்டியாக விற்றார். கோலர் நிறுவனம் அந்த வணிகத்தில் வளர்ந்தது இப்படித்தான். குழாயும் கழிவுநீர் வழியும் வீட்டுக்குள் வந்தபின் தொட்டி சுவரோரமாக நிலைபெற்றது. பிறகு அதற்கு மேலேயே ஷவரைப் பொருத்தித் திரை போட்டார்கள். இன்று லண்டனிலோ டொராண்டோவிலோ பாத்டப் உள்ள வீடுகளில் அன்றாடம் நடப்பது ஊறல் குளியல் அல்ல. தொட்டிக்குள் நின்றுகொண்டு ஷவரில் குளிக்கிறார்கள். தொட்டி அங்கே ஷவருக்கு அடித்தட்டு.

நம் குளியலறை வேறு மாதிரி கட்டப்படுகிறது. கான்கிரீட் தளம், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, சுவரில் ஆள் உயரத்துக்கு டைல்ஸ், தரைக்கு வாட்டம், மூலையில் தண்ணீர் வடியும் டிராப், வாசலில் அரை அங்குலமாவது இறக்கம். முழு அறையும் நனையலாம், நனைந்தால் கெட்டுப்போக எதுவும் இல்லை. அங்கே பாத்டப் செய்யும் வேலையை இங்கே தரையே செய்துவிடுகிறது.

குளிக்கும் முறையும் வேறு. தண்ணீரை மொண்டு மொண்டு தலைவழியே ஊற்றி, அழுக்கு ஓடிப்போக வேண்டும் என்பது நமக்குச் சிறு வயதிலிருந்து பழகியது. சோப்பு நுரையும் அழுக்கும் கலந்த தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தால் குளித்த மாதிரியே இருக்காது. ஆகவே பாத்டப் வைத்திருப்பவர்களும் ஊறி முடித்தபின் நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிக்கொள்கிறார்கள். கீழே வரும் தண்ணீர்க் கணக்கில் இந்தக் கூடுதல் வாளியையும் சேர்க்க வேண்டும். எண்ணெய்க் குளியலுக்கும் பாத்டப்புக்கும் சுத்தமாக ஒத்துவராது. நல்லெண்ணெய் தொட்டியின் உட்புறத்தில் படிந்து கண்ணாடி போல் வழுக்கும். சீயக்காய்த்தூள் வடிகால் சல்லடையில் போய் அடைக்கும்.

ஊறிக் குளிப்பதை உண்மையான வாழ்க்கை வழக்கமாக வைத்திருப்பவர்கள் ஜப்பானியர்கள். அவர்கள் ஏற்பாட்டைக் கவனித்தால் நம்மூர் பாத்டப்பில் எது குறைகிறது என்று தெரியும். ஜப்பானிய வீட்டில் தொட்டிக்கு வெளியே, வடிகால் உள்ள தரையில், சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுவதும் குளித்து முடித்த பிறகுதான் தொட்டிக்குள் இறங்குவார்கள். தொட்டித் தண்ணீரில் சோப்பு படுவதில்லை. அதனால் வீட்டில் உள்ள எல்லோரும் அதே தண்ணீரைப் பயன்படுத்தலாம். இடையில் சூடு ஆறாமல் மூடி போட்டு வைப்பார்கள், ஆறினால் அதே தண்ணீரை மறுபடி சூடாக்கும் கருவியும் உண்டு. மறுநாள் மிச்சத் தண்ணீரைச் சிறு பம்பு வைத்துத் துணி துவைக்க எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு தொட்டித் தண்ணீரை நான்கு பேருக்கும் ஒரு சலவைக்கும் பகிர்ந்தால் அது வீணடிப்பு ஆகாது. நம்மூர் மாதிரி வீட்டில் பார்ப்பது இந்த ஏற்பாடுகள் எதுவும் இல்லாத வெறும் தொட்டி.

தண்ணீர்: ஒரு குளியலுக்கு எவ்வளவு?

வழக்கமான பாத்டப் ஐந்து முதல் ஐந்தரை அடி நீளம், இரண்டரை அடி அகலம். விளிம்புக்குக் கீழே உள்ள வழிவுத் துளை வரை 150 முதல் 250 லிட்டர் பிடிக்கும். ஆள் உள்ளே இறங்கும்போது உடல் இடத்தை அடைத்துக்கொள்வதால் முழுக் கொள்ளளவுக்கும் ஊற்ற வேண்டியதில்லை. நடுத்தர அளவுத் தொட்டியில் உடல் மூழ்க 150 லிட்டர் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். அலசக் குறைந்தது 25 லிட்டர். மொத்தம் 175.

1. இந்தியத் தர நிர்ணயக் கணக்கில், பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். அதில் குளியலின் பங்கு 55 லிட்டர். மீதி துணி துவைக்க, கழிப்பறைக்கு, பாத்திரம் கழுவ, வீடு கழுவ, சமைக்க, குடிக்க. ஒரு பாத்டப் குளியல் இந்த 135 லிட்டரையும் தாண்டிவிடுகிறது.

2. வாளியில் குளிப்பவருக்கு 20 முதல் 30 லிட்டர் போதும். தலைக்குக் குளித்தால் இன்னொரு வாளி.

3. ஷவரின் கதை அது எவ்வளவு வேகமாக ஊற்றுகிறது என்பதைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் பத்து நிமிடத்தில் 80 லிட்டர். பிரஷர் பம்பு போட்டு, தட்டு அகலத்தில் மழை ஷவர் வைத்து நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டினால் அதே பத்து நிமிடத்தில் 150 லிட்டர். அந்த வீட்டில் பாத்டப் இல்லையே தவிர, அதற்குச் சமமான தண்ணீர் தினமும் போகிறது. பாத்டப்பைக் குறைசொல்லும்போது இதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

4. 12,000 லிட்டர் லாரித் தண்ணீரில், தினமும் பாத்டப்பில் குளிக்கும் நால்வர் குடும்பம் குளியலுக்கு மட்டும் 17 நாள் ஓட்டலாம். ஆளுக்கு 25 லிட்டர் வாளிக் குளியல் என்றால் அதே லாரி 120 நாள் வரும்.

சென்னைக்கு இந்தக் கணக்கு ஏட்டுக் கணக்கு அல்ல. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். ஒரு மாநிலத் தலைநகர் கைகூப்பி வரவேற்ற அந்த முழு ரயில் தண்ணீரும் சுமார் 14,000 பாத்டப் குளியலுக்குத்தான் வரும். இப்போது நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டு ஆலைகள் ஓடுகின்றன, பேரூரில் இன்னும் பெரியது கட்டப்படுகிறது. ஆனால் கடல்நீரை நன்னீராக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. அந்தத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் சூடாக்கி, அரைமணி நேரம் கிடந்துவிட்டு வடிகாலில் விடுவதற்கு ஒரு நகரமாக நாம் தயாராக இருக்கிறோமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்பிவிடும் குடியிருப்புகளில் இந்தத் தண்ணீர் முழுக்க வீணாவதில்லை என்பது உண்மை. ஆனால் மேல்தொட்டிக்கு ஏற்றவும் கீழே சுத்திகரிக்கவும் ஆகும் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் வந்து சேரும். அதை பாத்டப் இல்லாத வீடுகளும் சேர்ந்தே கட்டும்.

சூடு: உங்கள் கீசரால் முடியுமா?

பாத்டப் வாங்கியவர்கள் அதைப் பயன்படுத்தாமல் விடுவதற்கு அதிகம் பேசப்படாத காரணம் இது. கடையில் யாரும் சொல்வதில்லை, வரைபடத்திலும் தெரிவதில்லை.

ஊறிக் குளிக்கத் தண்ணீர் 40 டிகிரி அளவில் இருக்க வேண்டும். சென்னைக் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் உள்ள கீசர் 15 அல்லது 25 லிட்டர். 25 லிட்டர் கீசரில் 60 டிகிரியில் காய்ந்த தண்ணீரோடு குளிர்ந்த தண்ணீரைக் கலந்தால் 40 டிகிரியில் 65 லிட்டர் போல வரும். தொட்டிக்கு 150 லிட்டர் வேண்டும். முதல் கீசர் தீர்ந்ததும் அடுத்த 25 லிட்டர் காய, 2 கிலோவாட் கீசருக்கு ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். மூன்றாவது முறையும் கொஞ்சம் தேவைப்படும். அதற்குள் முதலில் ஊற்றியது ஆறத் தொடங்கிவிடும். ஆக ஒரு மணி நேரம் காத்திருந்து வெதுவெதுப்பான தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். இரண்டாம் முறை அந்த ஆசையே வராது.

மின்சாரம் எவ்வளவு? 150 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற 2.1 யூனிட். 20 லிட்டர் வாளிக்கு 0.28 யூனிட். ஒருவர் தினமும் பாத்டப்பில் குளித்தால் இரண்டு மாதத்தில் 126 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இது ஒன்றே விழுங்கிவிடும். ஊட்டி, கொடைக்கானலில் தண்ணீர் 14 டிகிரியில் வந்தால் ஒரு குளியலுக்கே 4.5 யூனிட். அங்கே ஊறிக் குளிக்கும் ஆசைக்கு நியாயம் இருக்கிறது, செலவும் அதற்கேற்ப இரட்டிப்பாகிறது.

மாற்று வழிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கலும் உண்டு:

1. 100 லிட்டர் மின் கீசர். அதை மாட்ட இடம் வேண்டும், நீரும் கீசருமாக எடையைத் தாங்கும் சுவர் வேண்டும்.

2. சூரிய வெந்நீர்க் கலன். தனி வீட்டுக்கு மிக நல்லது. ஆனால் ஊறிக் குளிக்க மனம் வரும் நவம்பர், டிசம்பர் மழை நாட்களில்தான் அது குறைவாகச் சூடாக்கும். அடுக்குமாடியில் மொட்டைமாடியிலிருந்து இரண்டாவது தளத்துக்கு வெந்நீர் வருவதற்குள் குழாயில் தேங்கியிருந்த தண்ணீரை முதலில் கொட்டியாக வேண்டும்.

3. கேஸ் கீசர். தொடர்ந்து வெந்நீர் தரும் என்பதால் பாத்டப் வைப்பவர்கள் இதைத்தான் நாடுகிறார்கள். இதில் உயிராபத்து இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிப்பவர் மயங்கி விழுந்து இறந்த சம்பவங்கள் நம் நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பாத்டப் குளியல் நீண்ட நேரம் நடப்பது, கதவும் சன்னலும் மூடியிருப்பது. கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, திறந்த இடத்தில் மட்டுமே வைக்க வேண்டும்.

எடை, இடம், கசிவு

தளம் தாங்குமா என்று பலர் பயப்படுகிறார்கள். குளியலறைத் தளங்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஒரு சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ பயன்பாட்டுச் சுமை கணக்கிடச் சொல்கிறது. அக்ரிலிக் தொட்டி 40 கிலோ, தண்ணீர் 180, ஆள் 70. மொத்தம் 290 கிலோ, அது பரவும் பரப்பு 1.3 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சதுர மீட்டருக்கு 225 கிலோ என்று வரும். தொட்டிக்கு வெளியே உள்ள தரையில் சுமை இல்லாததால் முறையாகக் கட்டிய தளத்துக்கு இது பெரிய தொல்லை தராது. வார்ப்பிரும்பு, கல் தொட்டிகள் தனியாகவே 150 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். இருவர் உட்காரும் தொட்டியில் தண்ணீரும் கூடும். அவற்றை வைப்பதானால் கம்பி கட்டுவதற்கு முன்பே கட்டமைப்புப் பொறியாளரிடம் சொல்ல வேண்டும். மேஸ்திரியின் வாய்வார்த்தையை நம்பிக் கட்டிய பழைய வீட்டின் மாடியில் அவற்றை ஏற்றக் கூடாது.

இடம் இதைவிடப் பெரிய விஷயம். நம் அடுக்குமாடிக் குளியலறை எட்டுக்கு ஐந்து அடி, அதாவது 40 சதுர அடி. ஐந்தரைக்கு இரண்டரை அடித் தொட்டி அதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்த 14 சதுர அடியின் விலை மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். தொட்டியின் விலை இதில் சேரவில்லை.

கசிவுதான் நாள்பட வரும் தொல்லை. பதித்த தொட்டியின் அடியில் வடிகால் இணைப்பும் டிராப்பும் மறைந்து கிடக்கும். இணைப்பு தளர்ந்தால் உங்களுக்குத் தெரியாது, கீழ்வீட்டுக்காரரின் கூரையில் ஈரம் பூக்கும்போதுதான் தெரியும். திறந்து பார்க்க ஒரு கதவு வைக்காமல் செங்கல் கட்டி டைல்ஸ் ஒட்டிவிட்டால், பழுது பார்க்கத் தொட்டியையே உடைக்க வேண்டும். குடியேறிய வீட்டில் புதிதாக பாத்டப் வைக்கத் தரையைக் கொத்துவது இன்னும் மோசம். கொத்தும்போது போவது நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, அதைத் துண்டு துண்டாக ஒட்டவைக்க முடியாது.

பயன்படுத்தாத தொட்டியும் சும்மா இருப்பதில்லை. டிராப்பில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றையும் கரப்பானையும் தடுக்கிறது. சில வாரம் தண்ணீர் விடாவிட்டால் அது காய்ந்துபோய் அறை நாறத் தொடங்கும். போர்த் தண்ணீரின் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படியும். அதைப் போக்க நம்மூர் வழக்கப்படி ஆசிட் ஊற்றினால் எனாமல், அக்ரிலிக் இரண்டும் மங்கிப்போகும். பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பழைய பளபளப்பு திரும்பாது.

ஜெட் வைத்த தொட்டிகள்

இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறி, கிணற்றுப் பம்பு செய்துவந்த ஜக்குஸி சகோதரர்களில் ஒருவரின் மகனுக்கு மூட்டுவாதம். வீட்டுத் தொட்டியிலேயே நீர்ச் சிகிச்சை தருவதற்காக அவர்கள் செய்த, தண்ணீரை வேகமாகப் பீச்சியடிக்கும் ஜெட் பம்புக் கருவி 1956இல் விற்பனைக்கு வந்தது. 1968இல் ராய் ஜக்குஸி அதைத் தொட்டியோடு சேர்த்துப் பதித்தார். பிறந்தது மருத்துவத் தேவையிலிருந்து, பரவியது ஆடம்பரமாக.

வீட்டுக்கு இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜெட் குழாய்களுக்குள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதில் வழுவழுப்பான பாசிப்படலம் போல நுண்ணுயிர்கள் வளரும். 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா நன்றாகப் பெருகும். ஜெட் கிளப்பும் நீர்த்திவலையோடு அது நுரையீரலுக்குள் போனால் கடும் நிமோனியா வரும். தவறாமல் கிருமிநீக்கம் செய்கிறவர்களுக்குச் சரி. விருந்தாளி வரும்போது மட்டும் திறந்துவிடுகிற வீட்டுக்கு ஆகாது.

ஆபத்து யாருக்கு?

2018 பிப்ரவரியில் நடிகை ஸ்ரீதேவி துபாய் ஓட்டல் அறையின் பாத்டப்பில் மூழ்கி இறந்தபோது, அவ்வளவு குறைந்த ஆழத்தில் எப்படி ஒருவர் மூழ்க முடியும் என்று தமிழ்நாடே கேட்டது. சுயநினைவு இழந்து தற்செயலாக மூழ்கியதாக துபாய் காவல்துறை அறிவித்தது. அந்த விடையிலேயே விளக்கம் இருக்கிறது. மூழ்குவதற்கு ஆழம் தேவையில்லை. நினைவு தப்பிய ஒருவரின் மூக்கும் வாயும் தண்ணீருக்குள் போனால் போதும்.

நினைவு ஏன் தப்புகிறது? சூடான தண்ணீரில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். தண்ணீரின் அழுத்தம் உடலைச் சுற்றித் தாங்கியிருக்கும் வரை இது தெரியாது. சட்டென்று எழும்போது அந்தத் தாங்கல் போய், ரத்தம் காலுக்கு இறங்கி, தலை சுற்றும். ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை, மது ஆகியவை இதைக் கூட்டும். ஜப்பானில் சாலை விபத்தில் இறக்கும் முதியோரைவிட வீட்டுக் குளியல் தொட்டியில் மூழ்கி இறக்கும் முதியோர் அதிகம். அங்கே அரசின் நுகர்வோர் அமைப்பு, தண்ணீர் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், 10 நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம் என்று சொல்கிறது. பழகிய சமுதாயத்திலேயே இந்த நிலை.

1. முதியோர். தொட்டி விளிம்பின் உயரம் ஒன்றரை அடி வரை இருக்கும். முழங்கால் தேய்ந்த ஒருவர் ஈரக் காலோடு அதைத் தாண்டி ஏறி இறங்க வேண்டும். எழும்போது பிடிக்கச் சுவரில் கைப்பிடி இல்லாவிட்டால் கை தேடுவது குழாயைத்தான். பக்கவாட்டில் கதவு வைத்த தொட்டிகள் உண்டு. ஆனால் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் தண்ணீர் நிரப்ப முடியும், வடிந்த பிறகுதான் திறக்க முடியும். இரண்டு முறையும் உள்ளேயே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும்.

2. கைக்குழந்தைகள். ஒரு சாண் ஆழத் தண்ணீர்கூட வேண்டாம், சில அங்குலமே போதும். போன் அடிக்கிறது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று அரை நிமிடம்கூட விட்டுப் போகக் கூடாது. வாளிக்கும் இது பொருந்தும்.

3. கர்ப்பிணிகள். முதல் மூன்று மாதத்தில் உடல் வெப்பம் ஏறுவது கருவுக்கு நல்லதல்ல. மிகச் சூடான தண்ணீரில் ஊறுவதைத் தவிர்க்க வேண்டும்.

4. வலிப்பு நோய் உள்ளவர்கள், கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாக ஊறிக் குளிக்கவே கூடாது.

மின்சாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சார்ஜரில் செருகிய போனைத் தொட்டி விளிம்பில் வைத்துக்கொண்டு ஊறுவது உயிரோடு விளையாடுவது. குளியலறை இணைப்புக்கு, மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவி கட்டாயம் இருக்க வேண்டும். பாத்டப் இல்லாத வீட்டிலும்தான்.

உடலுக்கு நன்மை இல்லையா?

இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் மூழ்கும்போது உடல் எடை குறைந்ததுபோல் ஆகி மூட்டின் மேல் பாரம் இறங்கும், தசை தளரும், மூட்டுவாத வலி தணியும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் குளித்தால் தூக்கம் சீக்கிரம் வரும். கைகால்களுக்கு ரத்தம் அதிகம் ஓடி உடம்பின் உள்வெப்பம் வெளியேறுவதும், அந்த வெப்ப இறக்கம் தூக்கத்தைக் கூட்டிவருவதும் காரணம்.

ஆனால் இவற்றில் பலவற்றுக்கு முழுத் தொட்டி தேவையில்லை. தூக்கத்துக்கு வெந்நீர்க் குளியலும், காலை மட்டும் வெந்நீரில் வைப்பதும் உதவும். மூலத்துக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய புண்ணுக்கும் மருத்துவர் சொல்லும் இடுப்புக் குளியலுக்கு ஓர் அகலமான பேசின் போதும். நீர்ச் சிகிச்சை உண்மையிலேயே தேவைப்படும் நோயாளிக்கு, இயன்முறை மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) கண்காணிப்பில் இறங்கும் குளம்தான் பாதுகாப்பு. பிறகு நம் வெயில். மே மாதச் சென்னையில் மேல்தொட்டித் தண்ணீரே கொதிக்கும்போது, வெந்நீரில் ஊறும் ஆசை வருடத்தில் எத்தனை நாள் வரும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் நேர்மையாக யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டு வீட்டில் கேள்வி வேறு

லண்டன், டொராண்டோ போன்ற ஊர்களில் வாழும் தமிழர்களுக்கு மேலே சொன்ன முடிவு அப்படியே பொருந்தாது. அங்கே வீட்டோடு தொட்டி வருகிறது, தரைக்கு வடிகால் இல்லை. இரண்டு குளியலறை இருந்தால் ஒன்றை ஷவராக மாற்றலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒன்றையாவது வைத்துக்கொள்வது நல்லது, வீட்டை விற்கும்போது இளம் குடும்பங்கள் அதைக் கேட்பார்கள்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் வீடுகளில் இரண்டு பிரச்சினைகள் வருகின்றன. ஒன்று, தொட்டி விளிம்பைத் தாண்ட முடியாமை. இரண்டு, தாண்ட முடியாததால் தொட்டிக்கு வெளியே தரையில் வாளி வைத்துக் குளிப்பது, அதனால் கீழ்த்தளக் கூரை ஊறி இடிவது. பெற்றோரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. தொட்டியின் விளிம்புக்குக் குறுக்கே பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கும் குளியல் பெஞ்ச், நீளக் குழாயோடு கை ஷவர், சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடி, உள்ளே ரப்பர் விரிப்பு ஆகிய நான்கும் இருந்தால் உட்கார்ந்தபடியே நகர்ந்து உள்ளே போய்க் குளித்துவிட்டு வரலாம். உறிஞ்சி ஒட்டும் கைப்பிடிகளை நம்பக் கூடாது, ஆள் எடை விழுந்தால் கழன்றுவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு வைப்பதானால்

தனி வீடு, நல்ல கிணறு, சூரிய வெந்நீர், தோட்டம், குளிர்ந்த ஊர். இவற்றில் குறைந்தது மூன்று இருந்தால் பாத்டப் ஆசை நியாயமானதே. அப்போது கவனிக்க வேண்டியவை:

1. வீட்டின் ஒரே குளியலறையில் வைக்காதீர்கள். உட்கார்ந்து, நின்று குளிக்க வடிகாலுள்ள தனித் தரை அதே அறையில் இருக்கட்டும்.

2. நீளமான தொட்டியைவிட, ஜப்பானிய முறைக் குட்டையான ஆழத் தொட்டி இடத்தை மிச்சப்படுத்தும். முதியோர் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம்.

3. கீழ் இணைப்பைத் திறந்து பார்க்கக் கதவு வையுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தரையில் இரண்டு நாளாவது தண்ணீர் கட்டிக் கசிவு பாருங்கள்.

4. தொட்டித் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பத் தனிக் குழாய் போடுங்கள். வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும், கீரைப் பாத்திக்கு வேண்டாம்.

முடிவெடுக்க முடியாதவர்கள் இப்போதைக்குத் தொட்டியை வாங்க வேண்டாம். அது வரக்கூடிய மூலையில் வெந்நீர், தண்ணீர்க் குழாய் முனைகளையும் தரையடியில் ஒரு வடிகால் இணைப்பையும் விட்டு, மூடி போட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் வழுக்காத டைல்ஸ் போட்டு, உட்கார ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கல் திண்டும் சுவரில் கைப்பிடியும் வைத்தால், வீட்டில் எல்லா வயதினரும் முதல் நாளிலிருந்தே அதைப் பயன்படுத்துவார்கள்.